மிச்சப் பால்

என் செருப்பை ஒளித்துவைத்தது வேறு யாருமில்லை, நான் பெற்ற ஜெயராஜ்தான். மூன்று மாதத்துக்கு முன் பசாரில் மீன் தண்ணீரில் வழுக்கி மணிக்கட்டை உடைத்துக்கொண்டேன். கட்டுப் பிரித்த அன்று டாக்டரம்மா படத்தை வெளிச்சத்தில் பிடித்துக் காட்டி, எலும்பு மெலிந்துவருகிறது, இனி விழுந்தால் இடுப்பும் உடையலாம் என்றார். அதோடு இவன் காது அடைத்துவிட்டது. தினமும் நடக்க வேண்டும், வெயில் படவேண்டும், நெத்திலியை முள்ளோடு தின்னவேண்டும் என்றதெல்லாம் எனக்கு மட்டும்தான் கேட்டது போலும்.

"பால் குடிக்கிறீங்களா, நவமணி அக்கா?" என்றார் டாக்டரம்மா. எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. இருபத்திரண்டு வருஷமாகத் தைப்பூசத்துக்குத் தண்ணீர்மலைக்குப் பால்குடம் எடுக்கிறேன். சாமிக்கு நேர்ந்ததை நான் தொடுவதாவது என்று, அபிஷேகம் முடிந்து குடத்தில் திரும்பி வரும் மிச்சத்தைக்கூட அக்கம்பக்கத்துக்கே கொடுத்துவிடுவேன். வீட்டில் எனக்குத் தே ஓதான், பால் கலக்காத வெறும் தேநீர்.

இந்தப் பூசத்துக்கு ஜெயராஜ் சட்டம் போட்டான்.

"குடத்த உங்க மருமக ஜெயா எடுக்கட்டும்மா. நீங்க வீட்ல சும்மா உக்காருங்க லா."

"உக்காந்து உக்காந்துதான்டா எலும்பு கரையுது."

"விழுந்தா?"

சுருக்கென்றது. எனக்கு மட்டும் பயம் இல்லையா? குளியலறை ஈரத்தில் கால் வைக்கும்போதெல்லாம் சுவரைப் பிடித்துக்கொள்கிறேன். அதற்காக நாற்காலியிலேயே கரைந்துபோக நான் என்ன ஐஸ் கட்டியா?

"குடம் அவ எடுக்கட்டும். படி நான் ஏறுறேன். செருப்ப நீயே வச்சுக்கோ. பூசத்துக்கு எவன்டா செருப்பு போட்டு மல ஏறுறான்?"

மறுநாளிலிருந்து, அவன் பாயான் லெப்பாஸ் பேக்டரி பஸ் ஏறியதும், எங்கள் பிளாட் மாடிப்படியில் வெறுங்காலோடு ஏறி இறங்கினேன். முதல் வாரம் மூன்றாவது மாடியிலேயே மூச்சு வாங்கியது.

பூசத்தன்று மருமகள் ஜெயலெட்சுமி குடத்தோடு முன்னால் போனாள். நான் கம்பியைப் பிடித்துப் பிடித்து ஏறினேன். ஜெயராஜ் ஒரு படி பின்னால், கோழி பிடிக்கிறவன் மாதிரி இரண்டு கையையும் விரித்துக்கொண்டே வந்தான். நான்கு இடத்தில் நின்றேன். ஆனாலும் ஏறிவிட்டேன்.

அபிஷேகம் முடிந்து குடத்தின் அடியில் கொஞ்சம் பால் வந்தது. ஜெயலெட்சுமியிடமிருந்து வாங்கி அப்படியே வாயில் கவிழ்த்தேன்.

"ஐயோ, அத்தை! நீங்க தொடவே மாட்டீங்களே!"

"முருகனுக்கு என்னடி கொறச்சல்? எலும்பு தேயறது எனக்குத்தானே."

இறங்கும்போது ஜெயராஜ் கையை நீட்டினான். காலிக் குடத்தை அந்தக் கையில் வைத்தேன். முந்தானையால் வாயைத் துடைத்துவிட்டு, கம்பியைப் பிடித்து, வெயிலில் சுடுகிற முதல் படியில் வெறுங்காலை இறக்கினேன்.