ஆல்டோவில் அன்புச்செல்வி

1

இந்தக் கதை பிறந்தது ஒரு காரில். பெருந்துறையிலிருந்து கோவை வரும் வழியில் நண்பர் ஒரு பாட்டுத் தொகுப்பைப் போட்டார். கோவை கணபதியில் இருக்கும் ஒரு சின்னக் கிறிஸ்தவச் சபையின் பாடகர் குழு பாடியது. ஊரறிந்த கீர்த்தனைகள், மேல்நாட்டு முறையில் நாலு குரலாகப் பிரித்து. "சி.டி. உறையில பேர் இருக்கற ஒரு அக்காவோட குரல் மட்டும் இதுல இல்லீங்க," என்றார் நண்பர். மேற்கொண்டு அவருக்கும் தெரியாது. மீதியை நான்தான் கட்டினேன். திட்டுவதானால் என்னைத் திட்டுங்கள்.

2

'கிருபாவின் விரல்கள் கீபோர்டில் மழைத்துளிகளாய்…'

(வேண்டாம். கிருபா கேட்டால் சிரிப்பாள்.)

குழுவை நடத்தும் கிருபாவுக்குச் சுருதி பிசகினால் சோறு இறங்காது. (இது பரவாயில்லை.) குழுவில் மூத்தவர் அன்புச்செல்வி. பம்ப்செட் பட்டறையில் மோட்டாருக்குச் செம்புக்கம்பி சுற்றும் வைண்டிங் வேலை முடித்து நேரே ஒத்திகைக்கு வருவார். அவருக்குக் கொடுத்தது ஆல்டோ, அதாவது பெண்களின் கீழ்க்குரல். ஆனால் எல்லாம் சின்ன வயதிலிருந்து சபையோடு பாடிய பாட்டு. இரண்டாம் வரியிலேயே ஆல்டோவை விட்டு, எல்லோருக்கும் தெரிந்த ராகத்துக்குப் போய்விடுவார்.

"அக்கா, மறுபடியும் ராகத்துக்குப் போயிட்டீங்க."

"என்ன பண்ணறது கண்ணு, அதுதான் ஊட்டுக்குப் போற வழியாட்டம் இருக்குது."

3

ஸ்டூடியோ சின்னது. ஆளாளுக்குத் தனியாகப் பாடிப் பதிந்தார்கள். எல்லோரும் போனபின் கிருபா ஒலிப்பதிவு செய்யும் அஃபானிடம், "செல்வியக்கா பாடுனத எடுத்துருங்க. அந்த ஆல்டோவ நானே பாடிடறேன்," என்றாள்.

"தனியா வெக்கட்டுங்களா, அழிச்சுப்போடட்டுங்களா?"

"அழிச்சுப்போடுங்க."

(இங்கே அவளை நல்லவளாகக் காட்ட ஒரு பத்தி எழுதினேன். படித்துப் பார்த்தேன், எனக்கே கூச்சமாக இருந்தது.)

தொகுப்பு வெளிவந்தது. அன்புச்செல்வி பட்டறை முழுக்கப் போட்டுக் காட்டினார். "இதா, இதா, இது நானு!" அவர் காட்டியது கிருபாவின் குரலை.

4

அடுத்த வருஷம் அன்புச்செல்விக்குத் தைராய்டு ஆபரேஷன். அதில் குரல் நரம்பு அடிபட்டு, பேசினால் காற்றுதான் வந்தது. ஒரு ஞாயிறு ஆராதனை முடிந்ததும் கிருபாவின் கையைப் பிடித்துக்கொண்டார்.

"ஏங்கண்ணு, நான் பாடுனத மட்டும் தனியாப் பிரிச்சுத் தர முடியுமா? எஞ்சத்தமே எனக்கு மறந்துபோயிருமாட்ட இருக்குது."

"வாங்கிட்டு வாரனுங்கக்கா," என்றுவிட்டாள் கிருபா.

அஃபானிடம் ஓடினாள். "அன்னிக்கே அழிக்கச் சொல்லிட்டீங்களே," என்றான் அவன்.

(செல்போன் வீடியோ இருக்காதா என்பீர்கள். இருக்கிறது. சபையே பாடுகிற இரைச்சலில் அவர் எங்கே?)

கிருபா ஸ்டூடியோ படியில் உட்கார்ந்து அழுதாள். ஒரு சுருதிக்காக இப்படிச் செய்துவிட்டோமே!

5

ஒரு முடிவில் அவள் உண்மையைச் சொல்கிறாள், அக்கா உடனே மன்னித்து…

(இவ்வளவு சுலபமாகவா? நானாயிருந்தால் மன்னிக்கமாட்டேன்.)

இன்னொன்றில் தன் குரலையே பிரித்தெடுத்துக் கொடுக்கிறாள். இதைத்தான் எழுதினேன். அன்புச்செல்வி செல்போனைக் காதோடு அணைத்து, கண்ணை மூடி, பாட்டு முடியும்வரை கேட்டார். பிறகு கிருபாவை நிமிர்ந்து பார்த்தார்.

"ஒரு தடவ கூட ராகத்துக்குப் போவுலியே கண்ணு. நானா இப்பிடிப் பாடுனேன்?"

கேட்டது பெருமையிலா, சந்தேகத்திலா? எனக்குத் தெரியவில்லை. அந்தக் காற்றுக் குரலில் எதையும் பிரித்தறிய முடியவில்லை. கிருபாவுக்கு ஒரு பதில் எழுதிக் கொடுக்கப் பார்த்தேன், கை வரவில்லை. அக்கா இன்னும் அவள் முகத்தைப் பார்த்துக்கொண்டிருக்கிறார். நீங்களாவது ஏதாவது சொல்லுங்கள்.