ஏழாவது பாட்டில் நிற்கும் இடம்

ஒலிப்பதிவுக் கூடத்தில் அன்று காலை ஆறு பேர் இருந்தார்கள். கண்ணாடிக்கு அந்தப் பக்கம், நடுவில் முக்காலியில் கிட்டார்காரர். வலப்புறம் சுவரோரமாக பேஸ் வாசிப்பவர். மூலைத் தடுப்புக்குப் பின்னால் டிரம்மர். இந்தப் பக்கம் மேசை முன் ஒலிப்பதிவாளர். அவருக்குப் பின்னால் சோபாவில், காலமான பாடகரின் மனைவி. சோபாவில் இடமிருந்தும் அதன் கைப்பிடியில் தொற்றிக்கொண்டு அவளுடைய கொழுந்தன்.

கிட்டார்காரர் ஜாஸ் ஆள். பாடகரின் ராக் பாட்டுகளைக் குரலே இல்லாமல் வாசித்து ஆல்பமாகப் போட ஆசைப்பட்டார். உரிமை மனைவியிடம் இருந்தது. கேட்டுவிட்டுச் சம்மதக் கடிதம் எழுதுவதாகச் சொல்லித்தான் வந்திருந்தாள். கொழுந்தனுக்குத் துளியும் இஷ்டமில்லை. அண்ணன் தொண்டை கிழியக் கத்தியதையெல்லாம் தாலாட்டாக்கிவிட்டார் என்று வந்ததிலிருந்து முணுமுணுத்துக்கொண்டிருந்தான். அவளுக்கென்னவோ பிடித்திருந்தது. கத்தலுக்கு அடியில் இவ்வளவு தனிமை இருந்ததா என்று ஆறு பாட்டு வரை அசையாமல் கேட்டாள்.

ஏழாவது பாட்டின் மூன்றாம் அடியில் மூவரும் சட்டென்று நின்றார்கள். ஒலிப்பதிவாளர் தலையில் கை வைத்துக்கொண்டார். நேற்றிலிருந்து இதே கதையாம். யாரும் பேசிவைத்துக்கொண்டு நிற்கவில்லையாம். அந்த இடத்தில் கை ஓடுவதில்லையாம்.

அவள் சோபாவில் நிமிர்ந்து உட்கார்ந்தாள். மேடையில் அவள் கணவர் வருடக்கணக்காக மறந்த இடம் அது. ‘குடை’ என்ற ஒரே சொல். மறந்ததும் புருவத்தைத் தூக்கி முன்வரிசையில் அவளைப் பார்ப்பார். அவள் உதட்டை மட்டும் அசைத்து எடுத்துக் கொடுப்பாள். இசைத்தட்டில் அந்தத் தடங்கல் கிடையாது. கிட்டார்காரர் அவரை மேடையில் பார்த்ததும் கிடையாது.

இப்போது கண்ணாடிக்கு அந்தப் பக்கம் கிட்டார்காரர் தலை நிமிர்ந்து, புருவத்தைத் தூக்கி, அவளையே பார்த்துக்கொண்டிருந்தார்.

பழக்கதோஷம், உதடு அசைந்துவிட்டது. மூவரும் ஒரே கணத்தில் வாசிப்பைத் தொடர்ந்தார்கள்.

கொழுந்தன் கைப்பிடியிலிருந்து இறங்கிவிட்டான். “அண்ணி, இவங்கள யாரு நிறுத்தினது?”

“உங்க அண்ணன்தான். போன பிறகும் அந்த மனுஷனுக்கு மனப்பாடம் ஆகல.”

பதிவை சிடியில் போட்டுக் கொடுத்தார்கள். மறுநாள் வீட்டில், மேசையில் காகிதத்தை வைத்துக்கொண்டு சிடியை ஓட விட்டாள். ஏழாவது பாட்டில், கூடத்தில் சில நொடிகளே நீடித்த மௌனம், வீட்டில் முடிவதாக இல்லை. தட்டு சுழன்றுகொண்டே இருந்தது. சமையலறைக் குழாய் சொட்டுவது கேட்டது. அவள் வேண்டுமென்றே வாயை இறுக மூடிக்கொண்டாள். மௌனமும் விடவில்லை.

கொழுந்தன் இஷ்டப்படி மறுத்துவிட்டால், கணவர் இந்த ஒரு வீட்டில் நிற்பார்; அதுவும் அவள் இருக்கும்வரைதான். சம்மதித்தால், முன்பின் தெரியாத எத்தனையோ வீடுகளில் அப்படியே நிற்பாரே, அங்கே யார் முகத்தைப் பார்ப்பார்?

பேனாவை எடுத்தாள். முழுச் சம்மதம் என்று எழுதினாள். ஒரே நிபந்தனை: ஏழாவது பாட்டின் மூன்றாம் அடியை ஆல்பத்தின் அட்டையில் அச்சிட்டு, ‘குடை’ என்ற சொல்லை மட்டும் பெரிதாகப் போட வேண்டும். கேட்பவர்கள் யாராவது எடுத்துக் கொடுப்பார்கள் என்று நினைத்துக்கொண்டாள். காரணம் கேட்க வேண்டாம் என்றும் கடிதத்தில் சேர்த்தாள்.

மடித்து உறைக்குள் வைத்தாள். அறை இன்னும் காத்துக்கொண்டிருந்தது.

“காலமெல்லாம் என்னைக் காக்க வெச்சீங்கல்ல, இன்னும் ரெண்டு நிமிஷம் நில்லுங்க,” என்று அந்தப் பக்கம் பாராமலே சொன்னாள்.

பசை தடவி ஒட்டினாள். தபால்தலையை அழுத்தினாள். செருப்பை மாட்டிக்கொண்டு, வாசலில் நின்று திரும்பி, சத்தமில்லாமல் உதட்டை அசைத்தாள். கிட்டார் விட்ட இடத்திலிருந்து புறப்பட்டது.

அது உள்ளே வாசித்துக்கொண்டிருக்கும்போதே கதவைப் பூட்டி, தெருமுனைக்குப் போய், கடிதத்தைப் பெட்டிக்குள் போட்டாள்.