பெரியப்பா கோபமாகப் போன நாள்

பெரியப்பா இறந்து ஒரு வாரம் கழித்து, கூடத்தில் மாட்டுவதற்கு அவருடைய நல்ல படம் ஒன்றைத் தேடினோம். கிடைத்தால்தானே! என் பட்டமளிப்பு நாள் படத்தில் எல்லோரும் கேமராவைப் பார்க்க, அவர் மட்டும் பின்சுவரில் இறங்கும் குழாயைப் பார்த்துக்கொண்டிருந்தார். இன்னொன்றில் தலை கைகழுவும் தொட்டிக்கு அடியில் இருந்தது; கால்கள் மட்டும் வெளியே.

"இதையே மாட்டுங்க. காலைப் பார்த்தே ஊர் ஜனம் கண்டுபிடிச்சிடும்" என்றாள் பெரியம்மா.

அழுது ஓய்ந்திருந்த வீட்டில் அன்றுதான் சிரிப்புச் சத்தம் கேட்டது.

பெரியப்பா பிளம்பர். என் அப்பாவும் அம்மாவும் இறந்துபோன பிறகு, தம்பி மகளான என்னைத் தூக்கிவந்து வளர்த்தவர். "எனக்கு ரெண்டு பொண்ணு" என்றுதான் சொல்வார். அதில் எது சொந்தப் பெண் என்று யாராவது கேட்டால், திடீரென்று அவருக்குக் காது மந்தமாகிவிடும். கோபக்காரர்தான். அவர் சத்தம் போட்டால் பக்கத்து வீட்டில் டிவி சத்தத்தைக் குறைத்துவிட்டுக் கேட்பார்கள். ஆனால் அந்தக் கோபம் சாப்பாட்டுத் தட்டு வரும்வரைதான் தாங்கும்.

ஒரே ஒருமுறை அதையும் தாண்டித் தாங்கியது. அக்கா, அவருடைய மகள், மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை செய்த ஒருவரை வீட்டில் சொல்லாமல் பதிவுத் திருமணம் செய்துகொண்டபோது. மாப்பிள்ளையிடம் அவர் ஒரு குறையும் சொல்லவில்லை. "என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருந்தா நான் என்ன கடிச்சா தின்னுடுவேன்?" என்று சுவரைப் பார்த்துக் கேட்டார். பிறகு பேச்சே இல்லை. வைத்த சோறு வைத்தபடி கிடந்தது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை எழுந்து சட்டையை மாட்டினார். பழக்கதோஷத்தில் கருவிப் பையும் தோளில் ஏறிவிட்டது.

"இன்னிக்கு ரெண்டுல ஒண்ணு பார்த்துட்டு வர்றேன்."

அவர் தெருமுனை திரும்பியதும் பெரியம்மா என் கையைப் பிடித்தாள். "பேசப் போற மனுஷனுக்கு ஸ்பேனர் எதுக்குடி?"

நாள் முழுக்க வாசலையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். சாயங்காலம் தொப்பலாக நனைந்து வந்தார். அன்று மழை இல்லை.

"என்னங்க ஆச்சு?"

"அந்த வீட்டுல குழாய் சரியில்ல. அடிக்கடி போய்ப் பார்க்க வேண்டியிருக்கும்" என்றார். "சோறு போடு."

அவ்வளவுதான். அங்கே என்ன நடந்தது என்று அவரும் சொல்லவில்லை, கேட்கும் தைரியம் எங்களுக்கும் வரவில்லை. படங்களைப் பரப்பிவைத்து உட்கார்ந்திருந்த அன்றுதான் அக்கா சொன்னாள்.

"கதவைத் திறந்ததும் எனக்குக் கையும் ஓடல, காலும் ஓடல. அப்பா திட்டறதுக்கு வாயைத் திறந்துட்டாரு. உள்ள சொட்டு சொட்டுன்னு சத்தம். 'அது என்ன?'ன்னாரு. 'சமையலறைக் குழாய்ப்பா'ன்னேன். 'இதைக் கேட்டுக்கிட்டு எப்படித் தூங்குற?'ன்னு நேரா உள்ள போயிட்டாரு."

பக்கத்தில் உட்கார்ந்திருந்த மாமா, அதாவது அக்காவின் கணவர், தொடர்ந்தார். "என்னைப் பார்க்காமலே 'மெயின் வால்வை மூடணும்'னாரு. நான் பதட்டத்துல எதிர்ப்பக்கமாத் திருகிட்டேன். அவர் குழாயைக் கழட்டவும் தண்ணி பீச்சியடிச்சு மூணு பேரும் குளிச்சாச்சு. 'டேய்!'னு ஒரு கத்து கத்தினாரு பாருங்க, அதுலதான் எனக்கு உயிரே வந்துச்சு. வேத்து ஆளை யாராவது டேய்ம்பாங்களா?"

கல்யாணத்தைப் பற்றி அவர் ஒரு வார்த்தை பேசவில்லையாம். கிளம்பும்போது மட்டும் வாசலில் நின்று, "உன் போர்வை பீரோ மேலயே இருக்கு. வந்து எடுத்துட்டுப் போ. ரெண்டு பேரும் வாங்க" என்றாராம்.

சொல்லிவிட்டு அக்கா முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். மாமா பெரியம்மா பக்கம் திரும்பினார்.

"அத்தை, உங்ககிட்ட ஒண்ணு சொல்லணும். அதுக்கப்புறம் அந்தக் குழாய் கெட்டதெல்லாம் தானாக் கெட்டது இல்ல. நான்தான் கெடுத்தேன்."

அக்கா திரும்பிப் பார்த்தாள். "என்னது?"

"என் சொந்தக்காரங்க யாரும் நம்ம வீட்டுப் படி ஏறினதில்ல. உங்கப்பா ஒருத்தர்தான் வந்தாரு. கொஞ்ச நாள் வரலைன்னா எனக்கு என்னமோ மாதிரி ஆயிடும். குழாய்க்குள்ள இருக்கிற ரப்பர் வாஷரை லேசாக் கீறி விட்டுட்டு, குழாய் ஒழுகுதுன்னு ஃபோன் பண்ணிடுவேன். வயசான காலத்துல அவரை வீணா அலைய வச்சுட்டேன்."

பெரியம்மா வாயைப் பொத்திக்கொண்டு தோள் குலுங்கச் சிரித்தாள்.

"மாப்பிள்ளை, குழாயிலயே பொழைச்ச மனுஷனுக்கு இது தெரியாதா? முதல் தடவையே வந்து சொல்லிட்டாரு. 'புது வாஷர் இவ்வளவு சீக்கிரம் போகாது. மாப்பிள்ளை கில்லாடி'ன்னாரு. நான் உங்களைக் கேட்கட்டுமான்னேன். 'வாயைத் திறக்காதே, தெரிஞ்சா கூச்சப்பட்டுக்கிட்டு ஃபோன் பண்ணாம இருந்துடப் போறாரு'ன்னு என்னைத்தான் மிரட்டினாரு."

மாமா எழுந்து கொல்லைப்பக்கம் போனார். முகம் கழுவுகிற சத்தம் வெகுநேரம் கேட்டது. பின்னாலேயே போக எழுந்த அக்காவைப் பெரியம்மா உட்காரச் சொல்லிவிட்டு, சாப்பிடத் தட்டுகளை எடுத்துவைக்கும்படி என்னிடம் சொன்னாள்.