அண்ணத்து வரிகள்

இரட்டையரைக் கட்டிக்கொண்டவர்கள் படும் பாடு மற்றவர்களுக்குப் புரியாது. பெயின்ட் கிடங்கு தீப்பிடித்த அன்று உள்ளே போனவர்கள் அண்ணன் தம்பி இருவர். கிடைத்தது ஒரே உடல். இன்னொருவன் பன்னிரண்டு நாளாக எங்கே என்றே தெரியவில்லை. மரபணுச் சோதனையும் கையை விரித்துவிட்டது. ஒரே கருவிலிருந்து பிரிந்தவர்களுக்கு அதுவும் ஒன்றுதானே! முகம் இல்லை, விரல் ரேகை இல்லை, பற்களும் வெடித்து உதிர்ந்துவிட்டன. வாய்க்குள் இருந்த மேல் அண்ணம் மட்டும் தப்பியது.

"நாக்கால தடவுனா வரிவரியாத் தட்டுப்படுதே, அது குடும்பத்துல ஓரளவு ஒத்துப்போகும். ஆனா இரட்டைப் பிள்ளைங்களுக்குக்கூட அச்சு அசலா இருக்காது" என்றார் பிணவறை டாக்டர்.

மூத்தவளுக்கு அது தெரியாதா என்ன? அண்ணனின் மனைவியான அவள் பத்து வருஷமாகப் பல்செட் செய்கிறவள். சகோதரர்கள் இருவருக்கும் தூக்கத்தில் பல்லை நறநறவென்று கடிக்கிற வியாதி. ராத்திரியில் மாட்டிக்கொள்ளும் பல்லுறை செய்ய அவள்தான் இருவருக்கும் அச்சு எடுத்து, பிளாஸ்டரில் வார்த்தாள். உறைக்கான பிளாஸ்டிக் தகட்டை மேலே வைத்து அழுத்துமுன் வார்ப்பின் நடுவிலுள்ள அண்ணத்தை அறுத்தெறிந்து, லாடம்போல ஆக்குவது தொழில் வழக்கம். புருஷனுடையதை அப்படித்தான் அறுத்தாள். கொழுந்தனோ, "இதெல்லாம் நமக்குச் சரிப்படாது அண்ணி" என்று நழுவிவிட்டான். அவனுடையது மட்டும் முழுசாகக் கிடந்தது.

அதைத்தான் எடுத்து வந்திருந்தாள். உடலில் எடுத்த அச்சோடு ஒப்பிட்டுப் பார்த்த டாக்டர், மூன்றாவது வரி இரண்டாகப் பிரிவதுவரை பொருந்துகிறது என்றார்.

"அடியில நம்பர்தான் இருக்கு. யாரோடதும்மா இது?"

மூத்தவள் வார்ப்பைத் திருப்பி அந்த நம்பரைப் பார்த்தாள். வீட்டில் புருஷனின் நாலு சட்டையும் போன் சார்ஜரும் காணாமல் போனது அவளுக்கு மட்டுமே தெரியும். தீப்பிடிக்குமுன்பே மூட்டை கட்டியிருக்கிறான் பாவி. 'என் வீட்டுக்காரரோடது' என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், ஓடிப்போனவன் பெண்டாட்டி என்கிற பேர் வராது. வெளியே பெஞ்சில் உட்கார்ந்து, "அவர் எங்கயோ இருக்காருக்கா" என்று புலம்புகிற கொழுந்தன் மனைவி இளையவளுக்கும் உயிர் வரும். இருவருக்கும் நல்லது. நஷ்டம் செத்தவனுக்குத்தான், அவன் எழுந்து வந்து கேட்கப்போவதில்லை.

ஆனால் வாய் நிறைய அண்ணி என்று கூப்பிட்டவன் அவன்.

"என் கொழுந்தனோடது" என்றாள்.

வெளியே வந்து இளையவளிடம் அவளே சொன்னாள். இளையவள் அழவில்லை. தோளைத் தொட வந்த கையைத் தட்டிவிட்டாள்.

"அச்சு எடுத்ததும் நீங்க, அது யாரோடதுன்னு சொன்னதும் நீங்க. நல்லா காப்பாத்திட்டீங்க உங்க புருஷனை!"

"அப்படிச் சொல்லாதடி..."

"உங்களுக்கென்னக்கா, அவர் உயிரோட இருக்காரு."

இருக்கிறான்தான். அந்தக் கொடுமையை யாரிடம் போய்ச் சொல்வது என்று மூத்தவளுக்குத் தெரியவில்லை.