அலமாரிக்குப் பின்னால் ஒரு கசிவு

மாடியை வாடகைக்கு விட வேண்டுமானால், வீட்டில் காற்று கசியவில்லை என்று சான்றிதழ் வேண்டுமாம். ஏசி குளிர் வெளியே கசிந்து மின்சாரத்தை வீணடிக்கும் வீடுகளில் இனி யாரையும் குடிவைக்கக் கூடாது என்று சட்டம் வந்துவிட்டது. நல்ல சட்டம்தான். எனக்குத்தான் மறைக்க ஒன்று இருந்தது.

பக்கத்து வீடு என் கணவரின் அண்ணனுடையது. நடுவில் ஒற்றைச் சுவர். மாமனார் போனதும் அண்ணனும் தம்பியும் வீட்டைப் பிரித்தார்கள், அத்தோடு பேச்சையும் நிறுத்திக்கொண்டார்கள். ஓரகத்தியும் நானும் என்ன பாவம் செய்தோம்? சமையலறைச் சுவரில் பழைய குழாய் போன ஓட்டை ஒன்று இருந்தது. அலமாரியில் பருப்பு டப்பாவை நகர்த்தினால் போதும், பேசலாம். அது மட்டும் இல்லையென்றால் எனக்குப் பைத்தியமே பிடித்திருக்கும்.

சோதனைக்கு வந்த பெண் வாசற்கதவில் பெரிய விசிறியைப் பொருத்தி, வீட்டுக் காற்றை வெளியே இழுத்தாள். எங்கே சந்து இருந்தாலும் அது வழியாகக் காற்று உள்ளே வருமாம். புகைக்குச்சியோடு அறை அறையாக நடந்தாள். புகை எங்கும் சாயவில்லை. தானே கட்டிய வீடு மாதிரி என் கணவர் நெஞ்சை நிமிர்த்திப் பின்னால் போனார்.

சமையலறையில் புகை சாய்ந்தது. கூடவே வெங்காயம் வதங்கும் வாசனை. எங்கள் அடுப்பை அப்போது பற்றவைக்கவே இல்லை.

அவள் அலமாரியைத் திறந்து டப்பாவை நகர்த்தினாள்.

"எலி போட்ட ஓட்டையா?" என்றார் கணவர்.

"ஆமாங்க, எலிதான்," என்றேன்.

"என்னடி, அந்தம்மா போயாச்சா?" என்று கேட்டது எலி.

கணவர் என்னைப் பார்த்தார். நான் தலை குனியவில்லை.

"சிமெண்ட் வச்சு அடைச்சிட்டா பாஸ் ஆயிடும் சார்," என்றாள் அந்தப் பெண். "வேணாம்னா ரெண்டு வீட்டுலயும் ஒரே நேரத்துல விசிறி வைக்கலாம். ரெண்டு பக்கமும் ஒரே அளவா இழுத்தா இந்த ஓட்டையில காத்து நகராது. விதியில அதுக்கு இடம் இருக்கு. ஆனா பக்கத்து வீட்டுக்காரர் கதவத் தொறக்கணும்."

சிமெண்ட் என்றுதான் சொல்லப்போகிறார் என்று நினைத்தேன்.

அவர் குனிந்து, ஓட்டையருகே முகத்தை வைத்தார். "அண்ணி, அண்ணன் இருக்காரா?"

அந்தப் பக்கம் கரண்டிச் சத்தம் நின்றது. பிறகு அவர் அண்ணனின் குரல், மனைவியிடம் சொல்வதுபோல் வந்தது.

"தொறக்க வேண்டியது முன்கதவா, பின்கதவான்னு கேளு."

ஓரகத்தி கேட்கவில்லை. நானும் வாயைத் திறக்கவில்லை.

"முன்கதவுண்ணா," என்றார் என் கணவர்.