ஒற்றைக் கை சிக்ஸர்

சிக்ஸர் என்றால் அம்பயரின் இரண்டு கையும் தலைக்கு மேல் போகவேண்டும். அன்றைக்கு இடது கை மட்டும்தான் போனது. வலது கை வரமாட்டேன் என்று சண்டித்தனம் பண்ணியது. ஒற்றைக் கை என்றால் பந்து மட்டையில் படவில்லை என்று அர்த்தம். ஸ்கோர் எழுதும் மச்சினன் அப்படியே எழுதி வைத்தான், வேண்டுமென்றேதான். அக்கா புருஷனின் தொப்பிமேல் அவனுக்கு ரொம்ப நாளாக ஒரு கண். இன்னொரு தடவை இப்படி ஆனால் தொப்பி கைமாறும் என்று சங்கம் சொல்லிவிட்டது. இறுதி ஆட்டத்துக்கு மூன்றே வாரம்.

தோள் ஜவ்வு கிழிந்து உள்ளே சுருங்கிவிட்டது, தைத்தாலும் நிற்காது என்றார் டாக்டர். சின்ன பலூன் ஒன்றை உள்ளே வைக்கலாம், முதுகுத் தசையை எடுத்து இங்கே மாட்டலாம், கடைசியாக மூட்டின் பந்தையும் கிண்ணத்தையும் இடம் மாற்றிப் பொருத்தலாம். மூன்று வாரத்தில் கை தூக்க இதில் எது தோது என்று கேட்டார் அம்பயர்.

"எதுவுமே இல்ல. முதல்ல மூணு மாசம் பயிற்சி பண்ணுங்க. படுத்துக்கிட்டு கையைத் தூக்கணும். படுத்தா பாரம் குறையும், மேல இருக்கிற தசை வேலையைக் கத்துக்கும்."

வீட்டு வேலை என்றாலே படுத்துக்கொள்கிற மனுஷனுக்கு டாக்டரே சீட்டும் எழுதிக் கொடுத்துவிட்டாரா என்று மனைவி தலையில் அடித்துக்கொண்டாள். ஆனாலும் தினமும் முழங்கையைத் தாங்கிப் பிடித்தாள். மூன்றாவது வாரம் கை தானாகவே கூரையைப் பார்த்து நின்றது. எழுந்து நின்றால் மட்டும் பழைய கதைதான்.

இறுதி ஆட்டம். கடைசிப் பந்து, ஆறு ஓட்டம் வேண்டும். பந்து கோட்டைத் தாண்டிப் போய் விழுந்தது. மைதானமே அம்பயரைப் பார்த்தது. மச்சினன் பேனாவோடு சிரித்தான். அம்பயர் வலது கையை உதறிப் பார்த்தார்; அது விலாவை விட்டு நகரவில்லை. இருபது வருஷத் தொப்பி. அவருக்கு அழுகையே வந்துவிட்டது.

தொப்பியைக் கழற்றிப் பக்கத்தில் வைத்தார். ஆடுகளத்தில் மல்லாந்து படுத்தார். இரண்டு கையையும் வானத்தைப் பார்க்கத் தூக்கினார்.

மயக்கம் என்று நினைத்து நாலு பேர் தண்ணீரோடு ஓடிவந்தார்கள். தண்ணீர் வேண்டாம், இது சிக்ஸர் என்றார் அம்பயர். ஸ்கோர் எழுதுபவன் பதிலுக்குக் கை தூக்கும்வரை அவர் கையை இறக்கக் கூடாது என்பது ஆட்ட விதி. மச்சினனோ எதையோ தேடுகிறவன் மாதிரி மேஜைக்கு அடியில் குனிந்துகொண்டான். அம்பயரின் வலது கை நடுங்க ஆரம்பித்தது.

கூட்டத்தில் உட்கார்ந்திருந்த மனைவி எழுந்து தம்பியின் மேஜைக்குப் போனாள்.

"கையைத் தூக்குடா. உனக்கும் ஜவ்வு கிழிஞ்சிருச்சா?"

மச்சினன் தூக்கினான்.