கடைப்படிக்குக் கீழே

புருஷன் மருதையின் உயிர் போன தெருவையே இருசம்மாளுக்குக் கூட்டக் கொடுத்தார்கள். புருஷன் வேலை பெண்டாட்டிக்கு என்று முனிசிபாலிட்டியில் சேர்த்துக்கொண்டபோது, வேறு எந்தத் தெருவானாலும் சரி என்று மேஸ்திரி தர்மராஜிடம் கெஞ்சிப் பார்த்தாள். "கெடச்ச வேலையைப் பாரும்மா" என்று அவர் சொல்லிவிட்டார்.

திருச்சி பெரிய கடைவீதிக்குப் பின்னால் இருந்த சந்து அது. மழைத்தண்ணீரும் வீடுகளின் கழிவும் சேர்ந்து ஓடும் சாக்கடை தெருவுக்கு அடியில் போனது. மேலே கல் பாவியிருந்தார்கள். உள்ளே இறங்க இரண்டு வாய். ஒன்று தெருமுனையில் இருந்தது. மற்றொன்று அப்துல் சுக்கூரின் சுருட்டுக் கடை வாசலில். அதை மூடிக் கடைக்குப் படி கட்டி எத்தனையோ வருஷமாகிவிட்டது.

போன ஐப்பசியில் அடைப்பெடுக்க மருதை தெருமுனையில் இறங்கினான். ரெண்டு வாயும் திறந்திருந்தால்தான் உள்ளே காற்று ஓடும் என்று இறங்குமுன் சொல்லியிருக்கிறான். கயிறு பிடித்து நின்ற பிச்சமுத்து பிற்பாடு சொன்ன விவரம் இது. ஆனால் ஒரு வாயைத்தான் திறந்தார்கள். உள்ளே போனவன் கொஞ்ச நேரம் குரல் கொடுத்துக்கொண்டிருந்தான். பிறகு சத்தமில்லை. கயிற்றை இழுத்தபோது கனமாக வந்தது.

"படியைப் பேர்க்க பாய் ஒத்துக்கலைம்மா, நான் என்ன செய்யட்டும்?" என்றார் தர்மராஜ், சாவு வீட்டில்.

அன்றிலிருந்து இருசம்மாள் அந்தக் கடைப்பக்கம் முகம் திருப்பியதில்லை. "சௌக்கியமா இருக்கியாம்மா?" என்று சுக்கூர் கேட்கும்போதெல்லாம் விளக்குமாற்றை இன்னும் அழுத்தித் தேய்த்துவிட்டு நகர்ந்துவிடுவாள். ஒரு மனுஷன் உயிரைவிடப் படி பெரிசாகப் போன ஆளிடம் என்ன பேச்சு?

மறுவருஷம் ஐப்பசி அடைமழையில் சாக்கடை மறுபடியும் அடைத்துக்கொண்டது. சுருட்டுக் கடைக்கு அப்பால் இருந்த வீட்டு வாசல்களில் கறுப்புத் தண்ணீர் ஏறியது. பெண்கள் அரிசிப் பானைகளைப் பரண்மேல் ஏற்றினார்கள். தர்மராஜ் குடையோடு வந்தார். பிச்சமுத்து தெருமுனைக் கல்லை நெம்பிவிட்டு இடுப்பில் கயிற்றைக் கட்டிக்கொண்டிருந்தான்.

இருசம்மாள் விளக்குமாற்றைப் போட்டுவிட்டு ஓடிப்போய் அந்தக் குழிக்கு முன்னால் நின்றுகொண்டாள்.

"எறங்காதடா."

"வழிய விடுக்கா. நான் எறங்கலேன்னா வேற ஆளைக் கூட்டியாருவாங்க. எனக்கு வேலை போயிரும்."

"அந்த வாயையும் தெறக்கச் சொல்லு. அப்புறம் எறங்கு."

தர்மராஜ் குடையை மடக்கினார். "ஊரே மெதக்குது, நீ என்ன இங்க வந்து மறிச்சுக்கிட்டு நிக்கிறே? அதெல்லாம் பேர்க்க முடியாதும்மா, தள்ளு."

"நான் வர்றவரைக்கும் எறங்காதடா" என்று பிச்சமுத்துவிடம் சொன்னாள். வேகமாகச் சுருட்டுக் கடைக்கு நடந்தாள். ஒரு வருஷத்துக்குப் பிறகு அன்றுதான் அவரிடம் வாய் திறந்தாள்.

"பாய், ஒங்க படிக்குக் கீழ சாக்கடை வாய் இருக்கு. அதைத் தெறக்கணும். இல்லேன்னா உள்ள போறவன் செத்துருவான். எம் புருஷன் செத்த மாதிரி."

மாட்டேன் என்பார், சண்டை போடலாம் என்றுதான் போயிருந்தாள். சுக்கூர் கல்லாவை விட்டு எழுந்தார். கடைக்குள்ளிருந்து கடப்பாரையை எடுத்து வந்து, கைலியை மடித்துக் கட்டிக்கொண்டு, படியின் இடுக்கில் தாமே ஓங்கிக் குத்தினார். பக்கத்துக் கடைக்காரர்களும் கை கொடுத்தார்கள். படி பெயர்ந்தது. அடியில் இருந்த கல்லைப் புரட்டியதும் அடைபட்டிருந்த நாற்றம் குப்பென்று மேலே வந்தது. எல்லோரும் மூக்கைப் பொத்திக்கொண்டு விலகினார்கள்.

"போன வருஷமும் இதைச் செஞ்சிருக்கலாமே பாய்" என்றாள் இருசம்மாள்.

சுக்கூர் கடப்பாரையை ஊன்றிக்கொண்டு அவளைப் பார்த்தார். "போன வருஷமா? யாரும்மா எங்கிட்ட கேட்டாங்க? நான் இங்கதான் உக்காந்திருந்தேன். கூட்டத்தைப் பார்த்து ஓடியாந்தப்ப அவரை வெளிய கெடத்தியிருந்தாங்க. அல்லா மேல ஆணையாச் சொல்றேன், என்னை யாரும் கேக்கலை."

இருசம்மாள் திரும்பி, பின்னாலேயே வந்திருந்த தர்மராஜைப் பார்த்தாள். அவர் தெருமுனைப் பக்கம் பார்த்துக்கொண்டு நின்றார்.

நாற்றம் அடங்கும்வரை காத்திருந்து பிச்சமுத்து இறங்கினான். குரல் கொடுத்துக்கொண்டே போனான். தெருமுனையில் தொடங்கிய குரல் படியடிக்குப் பக்கத்தில் கேட்டது. படிக்கு அப்பால் வைக்கோலும் வாழை மட்டையுமாகச் சேர்ந்த அடைப்பை அவன் பிடுங்கியதும் தெருத்தண்ணீர் சுழித்துக்கொண்டு உள்ளே இறங்கியது. சுக்கூர் கடை வாசல் வழியாகவே அவன் ஏறி வந்தான். காறித் துப்பினான். சேறு வழிய நின்று, "குளிருதுக்கா, ஒரு டீ வாங்கியாரச் சொல்லேன்" என்றான்.

இவ்வளவுதானா? ஒரு வார்த்தை கேட்டு ஒரு கல்லைப் புரட்டியிருந்தால் மருதையும் இப்படித்தான் ஏறி வந்து டீ கேட்டிருப்பானா?

அவள் தெருவிலேயே உட்கார்ந்துவிட்டாள். புருஷன் செத்த அன்றுகூட அப்படி அழவில்லை. சுக்கூர் டீயை வாங்கிப் பிச்சமுத்து கையில் கொடுத்துவிட்டு, இவள் பக்கத்தில் வந்து நின்றார். தர்மராஜ் எப்போது போனார் என்று யாரும் கவனிக்கவில்லை.

தண்ணீர் வடிந்த தெருவெல்லாம் சேறாகக் கிடந்தது. அழுது ஓய்ந்ததும் எழுந்து அதையும் அவள்தான் வாரினாள்.

வீட்டில் மகள் ராசாத்தி சோறு போட்டு வைத்திருந்தாள். இருசம்மாள் தட்டைத் தொடாமல் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்தாள்.

"என்னம்மா, மேலுக்கு முடியலையா?"

"பிச்சமுத்து மாமா நல்லபடியா ஏறி வந்துட்டாருடி."

"அதுக்கு ஏம்மா அழுவுறே?"

இருசம்மாள் முந்தானையை இழுத்து முகத்தை மூடிக்கொண்டாள்.